வெளிப்படி வைத்த வீடு

தெருவுக்குள் நுழைந்ததும் சாகுல் ஹமீது டிவிஎஸ் 50-ன் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வீட்டிலும் மாடிப்படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்கிறார். படி வெளியே இருந்தால் மாடி வாடகைக்கு வரும். உள்ளே இருந்தால் வண்டி நிற்காது. திண்டுக்கல்லில் இருபது வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறவர்.

வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில்தான் வீடு காட்டுவார். "இப்ப உள்ள நின்னு பாருங்க. இந்த வெக்கையத் தாங்கிட்டா வருசம் பூராவும் தாங்குவீக." வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைக் கொஞ்சம் மடித்து வைப்பார். மூன்று வாண்டுகளை வைத்துக்கொண்டு மில் வேலைக்குப் போகும் ஜோதிமணிக்கு நாகல் நகர் காம்பவுண்டில் வீடு பிடித்துக் கொடுத்தபோது, "சின்னக் குடும்பம், சத்தமே இருக்காது" என்றார். குடிவந்த அன்று சாயங்காலமே ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. வீட்டுக்காரர் திட்டிய திட்டையெல்லாம் மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஆறு சிறு வீடுகள் கொண்ட அந்தக் காம்பவுண்டைப் போன வருடம் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு விலை முடித்துக் கொடுத்தவரும் இவரே. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டப்போவதாக அவர் சொன்னதும் சாகுலுக்கு வாயெல்லாம் பல். குடியிருந்தவர்களைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளு வெளிய இருங்கப்பா. மாடி எழும்பட்டும், உங்களத்தான் மொத ஆளா ஏத்துவேன்" என்று வாக்குக் கொடுத்தார். மாடி கட்டுகிறவர்கள் வாடகைக்குத்தானே கட்டுவார்கள்? அவர் பார்த்த ஊர் அப்படி.

கான்கிரீட் போட்டபின் போய்ப் பார்த்தால், படி கூடத்தின் நடுவிலிருந்து வளைந்து ஏறியது. மேலே பிள்ளைக்கு ஒரு அறை, சாமிக்கு ஒரு அறை, வராத விருந்தாளிகளுக்கு இரண்டு. ஆறு அடுப்பு எரிந்த இடத்தில் இனி ஒரே அடுப்பு. "ஒரு குடும்பத்துக்கு இம்புட்டா?" என்று மேஸ்திரியிடம் கேட்டார். அடுத்த தெருவிலும் அதே கதை. இடிபடாமல் மிஞ்சிய சின்ன வீடுகளுக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருக்குப் பிரியாணி இறங்கவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை.

ரெட்டியார்சத்திரத்துக்கு ஒதுங்கிய ஜோதிமணி, பஸ் பிடித்து ஷிப்டுக்கு வருகிறார். போன வாரம் பஸ் நிலையத்தில் சாகுலை மறித்தார்.

"பாய், நம்ம மாடி எப்ப முடியும்? இன்னொரு நாளு லேட்டா வந்தா வேலைக்கே வர வேணாம்னுட்டாக."

சாகுலுக்கு வாயில் பொய் வரவில்லை. ஜோதிமணி கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஊருக்குள் வீடும் இல்லை. "வா ஆத்தா" என்று பேகம்பூரில் இருக்கும் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். வெளிப்படி ஏறினால் மாடியில் ஒற்றை அறை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கவென்று ஆசை ஆசையாகக் கட்டியது.

"யாருங்க வந்திருக்கிறது?" என்று கேட்டார் மனைவி தாஹிரா.

சாகுல் நேரே மேலே போனார். கட்டிலில் கிடந்த மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஜோதிமணி ஏறிவர வழிவிட்டு, கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கினார்.