எரிந்த பாதமும் இறங்காத குழியும்

அம்மனை நம்பி இருக்கும் சொந்தங்களுக்குச் சோரியாங்குப்பம் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுவது. எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வலது கை இரண்டு வருஷமாக என் பேச்சைக் கேட்காமல் நடுங்குகிறது. வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை என்பதால் அது எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது வலி. போன தையில் தோள் கல்லாக இறுகியது. மாசியில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. தரையில் வைத்தால் தணல். தண்ணீரில் வைத்தால் ஈரத் தணல். தொட்டுப் பார்த்தவர்களுக்கோ கால் சில்லென்று இருந்தது. நடுக்கத்தை ஊரே பார்த்தது. எரிச்சலை யார் பார்ப்பது? மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். மாடு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

என் மனைவி அஞ்சலைதான் காரணம் கண்டுபிடித்தாள். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது, நான் தீமிதிப்பதாக என் தாயார் திரௌபதியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அது நிறைவேறாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நேந்துக்கிட்டத அம்மன் கேக்குறா. பாதத்துல கேக்காம வேற எங்க கேப்பா?" என்றாள்.

ஊர் ஒப்புக்கொண்டது. படித்த நானும் ஒப்புக்கொண்டேன். வலிக்கிறவனுக்குப் படிப்பு ரொம்ப தூரத்தில் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறைத்தேன். வாசற்படியைக் கண்டால் என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தணல் குழி நடுவில் ஒட்டிக்கொண்டால்? சொல்ல வெட்கம்.

சித்திரையில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ளப் போனேன். கோயில் நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. பின்னால் வரிசை. "தாயே, உன் நெருப்பில் இறங்கப் பயமாயிருக்கு. என் நெருப்பையும் தாங்க முடியல. நீயே வழி சொல்லு" என்று வேண்டினேன். வாய்விட்டே வேண்டியிருக்கிறேன். பூசாரி காப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இன்னா வாத்யாரே, காலு வரலியா?"

"வரல."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசமா."

"அட பாவி மனுசா! குழியில நின்னுட்டா இன்னா பண்ணுவ? பாடம் நடத்துவியா?"

அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்டார். பூ விழுந்தது. நான் இறங்க வேண்டாம், குழிக்கு ஒரு வண்டி விறகு போட்டால் போதும் என்றார். அவர் தகப்பனாருக்கும் கடைசிக் காலத்தில் இதே கால்தானாம். அவரே வண்டி கட்டி, புதுச்சேரி டாக்டர் வரும் நாளில் என்னைப் பாகூருக்குக் கூட்டிப்போனார்.

எங்கே வலிக்கிறது என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டர்தான். "கை நடுங்குதே, அந்த வியாதிதான் தோளையும் பாதத்தையும் படுத்துது. சாபமெல்லாம் இல்ல" என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தோளைத் தினமும் அசைக்கச் சொன்னார். மருந்து ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடியில் எடுத்ததாம். வீட்டில் அதைச் சொன்னதும் அஞ்சலை பதறினாள்.

"பைத்தியம் புடிச்சிட்டா?"

"புதுசா இன்னாம்மா புடிக்கப் போவுது?" என்றார் என்னைக் கொண்டுவந்து விட்ட பூசாரி.

ஆனியில் தோள் இளகியது. எரிச்சல் பாதிக்கு மேல் தணிந்தது. வாய் வறள்கிறது, நடுக்கமும் இருக்கிறது. முழுக்கக் குணமானேன் என்று அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வலித்தால் வலிக்கிறது என்கிறேன். அஞ்சலை பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துவிடுகிறாள்.

வெளியே தெரியாத வலி உங்களில் யாருக்காவது இருந்தால் அம்மனிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழட்டும். எனக்கு அவள் அந்த வழியாகத்தான் வந்தாள்.