தண்ணீரிலிருந்து எழுபது தப்படி

நாற்பத்து மூன்று வயதில்தான் நான் மலை ஏறத் தொடங்கினேன். கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. நாள் முழுவதும் கதிரையை விட்டு எழும்புவதில்லை. சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, நீரிழிவாக முற்றுமுன் நடக்கத் தொடங்குங்கள் என்று டாக்டர் சொன்ன மாதத்தில்தான் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு மலை என்று திட்டம் போட்டார்கள். ஆறாவது ஆளாக நானும் சேர்ந்துகொண்டேன்.

முதல் நடையில் விடியற்காலை புறப்பட்டதிலிருந்து மாலை அம்பிட்டியவில் வீட்டுப் படி ஏறும்வரை நான் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை. குழுவில் என்னைத் தவிர இன்னொரு பெண்தான் இருந்தாள். கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வரும் முஸ்லிம் தோழி, என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சிறுநீரில் கிருமி என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு இரண்டு நாள் தலையிடி.

"மலை எனக்குச் சரியான விருப்பம் அக்கா," என்றாள் அவள், சாப்பாட்டு நேரத்தில். "ஆனா ஒதுங்க எடமில்லாத எடத்துக்கு எப்பிடி வார? நெனைக்கவே வெக்கமா ஈக்கிது."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். உடம்பு செய்கிற வேலைக்குப் பயந்து மலையை விட்டுவிடுவதா? அன்றிரவே கைத்தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். உலகத்தில் எத்தனையோ பேர் காட்டில் நாட்கணக்கில் தங்குகிறார்கள், அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓடை, ஊற்று, பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் எழுபது பெரிய தப்படி விலகிப் போக வேண்டும். இலை மக்கிய கறுப்பு மண்ணாகப் பார்த்து ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். வேலை முடிந்ததும் தோண்டிய மண்ணாலேயே மூடி, மேலே சருகைப் பரப்பிவிட வேண்டும்.

ஆனால் அவர்கள் எல்லாரும் காகிதத்தைப் பற்றியே பேசினார்கள். நமக்குத் தண்ணீர் இல்லாமல் முடியுமா? ஓடைக்கு இறங்கிக் கழுவினால் எழுபது தப்படி நடந்ததற்கு அர்த்தமே இல்லை. அதனால் ஆளுக்கொரு போத்தல் தண்ணீரைக் குழியடிக்கே கொண்டுபோய், அங்கேயே கழுவி, அந்தத் தண்ணீரும் குழிக்குள்ளேயே போகும்படி செய்ய வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். இதைச் சொன்னதும் தோழியின் முகம் தெளிந்தது.

வீட்டுக்குப் பின்னால் பரீட்சையும் செய்து பார்த்தேன். பூச்சட்டிக்கு மண் அள்ளும் சின்ன இரும்புக் கரண்டியால் மூன்று குழி தோண்டினேன். ஒன்றில் டிஷ்யூ, ஒன்றில் முகம் துடைக்கும் ஈரத்தாள், மற்றதில் புதிய மாதவிடாய்த் துவாய் ஒன்று.

"என்ன, புதையல் ஏதும் இருக்கா?" என்று கணவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல சொல்றேன்," என்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் டிஷ்யூ பாதிக்கு மேல் கரைந்திருந்தது. ஈரத்தாளை உதறிக் கழுவினால் திரும்பப் பாவிக்கலாம் போலிருந்தது. துவாய் தண்ணீரை உறிஞ்சித் தலையணை போல் ஊதிக் கிடந்தது. இந்த இரண்டையும் மலையில் புதைக்கவே கூடாது, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூடி இறுக்கமான பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து, உள்ளே இரட்டைப் பை போட்டு, அடியில் இரண்டு கைப்பிடி தேயிலைத் தூளைக் கொட்டினேன். தேயிலைத் தூள் நாற்றத்தைக் குடித்துவிடும்.

இந்த ஏற்பாட்டோடு இரண்டு பகல் நடை போய்வந்தோம். தோழியும் நானும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம். அதன் பிறகுதான் ஓர் இரவு தங்கும் பயணம் வந்தது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கடைசி மலைக்கும் அப்பால், காடு தொடங்கும் இடத்தில் ஒரு புல்வெளி. சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கூடாரங்களைச் சுமந்து வந்த இரண்டு சிங்களத் தம்பிமார், தோழி, நான், குழுவைத் தொடங்கிய அலுவலக முகாமையாளர், கணக்குப் பகுதியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அதிகாரி. கடைசியாகச் சொன்னவரை எல்லாரும் சேர் என்போம். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற, அதிர்ந்து பேசாத மனிதர்.

புல்வெளிக்குப் பக்கத்தில் அழகான ஓடை. ஓடைக்கரையில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் விட்டுப்போனவை: கல்லுக்குக் கல் வெள்ளைத் தாள், ஈரத்தாள், குழந்தைக்குக் கட்டும் துவாய் ஒன்று, காய்ந்ததும் காயாததுமாக மனிதக் கழிவு. தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். நான் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தேன். ஐம்பது அடி தள்ளி ஓடையைக் கல் வைத்து மறித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் தேயிலைக்குள் இறங்கிப் போனது. அது எங்கே போகிறது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கும். லயத்துக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கும். அந்தப் பீலித் தண்ணீரில்தான் சோறு வேகும்.

மேலே வந்து எல்லாரையும் கூப்பிட்டேன். யார் எந்தப் பக்கம் போவது, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், குழியை எப்படி மூடுவது, தகரத்துக்குள் எது போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தம்பிமாருக்குச் சிங்களத்திலும் சொன்னேன். அவர்கள் சிரிக்காமல் கேட்டார்கள். சேர்தான் நெளிந்தார்.

"உதெல்லாம் இப்பிடிக் கூட்டம் வைச்சுக் கதைக்கிற விசயமே, பிள்ளை? அவையவை பாத்துக்கொள்ளுவினம்தானே."

"அவங்கவங்க பாத்துக்கிட்டதுதான் சேர் அந்தக் கரையில கிடக்கு," என்றேன்.

நான் மண் நல்ல இடமாகப் பார்த்து, ஆண்களுக்கு ஒரு பக்கமும் எங்களுக்கு ஒரு பக்கமும், ஒன்றுக்கொன்று தள்ளி ஐந்து குழி முன்கூட்டியே தோண்டி வைத்தேன். எங்கள் பக்கம் ஒரு படங்குத் துணியை மரத்துக்கு மரம் கட்டி மறைப்பும் செய்தேன். அட்டைகள் இரண்டு காலிலும் ஏறி இரத்தம் குடித்தன.

நாலு மணிக்குச் சேருக்கு வயிறு கலங்கியது. வீட்டிலிருந்து கட்டி வந்த மீன் பொரியல் வெயிலில் கெட்டிருக்க வேண்டும். முதல் தடவை எழும்பியவர் யோசிக்காமல் ஓடைப் பக்கம் நடந்தார். நான் இரும்புக் கரண்டியையும் போத்தலையும் அவர் கையில் கொடுத்து, மற்றப் பக்கத்தைக் காட்டினேன். வாங்கிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் ஐந்து முறை போய்வந்தார். ஆண்கள் பக்கத்துக் குழிகள் முடிந்துவிட்டன. நான் மழைத் தூறலில் இன்னும் மூன்று தோண்டிக் கொடுத்தேன். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைத் தோழி மணிக்கொருதரம் அவருக்குக் குடிக்கக் கொடுத்தாள். இரவு உடம்பு தேறித் தூங்கிவிட்டார்.

காலையில் நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு கம்பு. குழாய் அடைத்ததா என்று பார்க்க வந்தவள் கூடாரங்களைக் கண்டதும் நேரே எங்களிடம் வந்தாள்.

"யாருங்க நீங்க? மேல வந்து பேண்டு வச்சிட்டுப் போறீங்க, கீழ எங்க புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. ஒங்க வூட்டுக் கெணத்துல இப்பிடிச் செய்வீங்களா?"

முகாமையாளர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் எழுந்தேன். "கரையில கிடக்குறது எங்களது இல்லக்கா. எங்களது எங்கன்னு காட்டுறேன், வாங்க."

அவள் நம்பாமல் என் பின்னால் வந்தாள். மூடிய குழிகளுக்கு அடையாளமாக நட்டிருந்த குச்சிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கம்பால் சருகை விலக்கிப் பார்த்தாள். மண்ணை அழுத்திப் பார்த்தாள். அங்கிருந்து ஓடை எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"டவுன்காரங்க யாரும் இப்பிடிச் செஞ்சு நான் பாத்ததில்ல. பேச்சும் நம்ம பேச்சா இருக்கு. நீங்க எந்தத் தோட்டம்?"

மற்றவர்கள் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்கள். பத்தொன்பது வருடமாக அலுவலகத்தில் யாராவது என் அப்பாவைப் பற்றிக் கேட்டால், தோட்டத்தில் வேலை செய்தார் என்பேன். பொய்யில்லை. ஆனால் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கு நிறுத்தவில்லை. பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"எங்க அப்பா அங்க வாசக்கூட்டி," என்றேன்.

லயத்து வாசலையும் சாக்கடைக் கானையும் கக்கூசுகளையும் துப்புரவு செய்யும் ஆளுக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர்தான். பள்ளிக்கூடத்தில் அதோடு 'மக' என்று சேர்த்து என்னைக் கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால் தலை தானாகக் குனியும். அன்றைக்கு அதை என் வாயாலேயே சொன்னேன். தலை குனியவில்லை. அதைச் சொல்ல இவ்வளவு வருடம் எடுத்ததே என்றுதான் இருந்தது.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "அதான் வேலை சுத்தமா இருக்கு," என்றாள்.

கரையில் கிடந்த தாள்களையும் துவாயையும் கையுறை போட்டு நாங்களே பொறுக்கித் தகரத்துக்குள் அடைத்தோம். கழிவை அள்ளிக்கொண்டுபோய்த் தூரத்தில் புதைத்தோம். தம்பிமாரும் முகாமையாளரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சேர் அரை மணி நேரம் என் பக்கத்தில் நின்று குழி தோண்டினார். மூச்சு வாங்க, மண்ணைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீங்கள் இல்லாட்டி நேற்று நான் அந்தக் கரையிலதான் குந்தியிருப்பன், பிள்ளை. கீழ சனம் இருக்குதெண்டு எனக்கு நினைவே வந்திருக்காது. உங்கட அப்பா எத்தினை பேரைக் காப்பாத்தியிருப்பார்."

கரண்டியை வாங்கி மிச்சத்தை நான் மூடினேன்.

இறங்கும் வழியில் அந்தப் பெண் எங்களைத் தன் லயத்துக்குக் கூட்டிப்போய் ஆறு பேருக்கும் சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நாவலப்பிட்டி பஸ்ஸில் தகரம் என் மடியில் இருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்து, "பிஸ்கட் எல்லாம் யாருக்குக்கா?" என்று கேட்டார். தோழி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து முறை தங்கிவந்திருக்கிறோம். புதிதாக நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இடத்துக்குப் போனதும் தோழிதான் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து விளக்குகிறாள், கொஞ்சமும் கூசாமல். சேர் சொந்தமாக ஒரு கரண்டி வாங்கி, அதன் பிடியில் சாண் அளவுக்குச் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறார். என் குழியைக்கூட எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரல் காணாது, பிள்ளை," என்கிறார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் அளந்து பார்த்தால் அவர் சொல்வது சரியாகவே இருக்கிறது.