பஸ்ஸில் தொலையாத நரி கேசட்

அந்தக் கெமிக்கல் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்...

அருள்புரம் கம்பெனியில் கூட வேலை பார்த்த உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பனியனில் எண்ணெய்க் கறை இருந்தால், செக்கிங் டேபிள் ஓரத்தில் தொங்கும் ஸ்பிரே கன்னை எடுத்து ஒரு அழுத்து. கெமிக்கல் பீய்ச்சி அடிக்கும், கறை இருந்த இடம் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். லீவு கிடைத்தால் டவுனில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போய்விடுவேன். கடைக்காரர் பிஸ்கட் டின்னில் வீடியோ கேம் கேசட்டுகளைப் போட்டு வைத்திருப்பார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கையில் பிடித்து விளையாடும் அந்தச் சாம்பல் நிற மெஷினின் முதுகில் செருகினால் கிளிக் என்று உட்காரும்.

"போட்டுப் பாருங்க தம்பி, ஓடுனா எடுத்துக்குங்க. ஓடலைன்னா டின்னுலயே போட்டுருங்க" என்பார்.

பாதி ஓடாது.

ஓடியதில் இருபத்தாறு சேர்த்தேன். கார்ட்டனில் ஒட்டி மிச்சமான சைஸ் ஸ்டிக்கரை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுவேன். சுலபமான கேம் S, கொஞ்சம் கஷ்டம் என்றால் L. இந்தக் கிறுக்குத்தனத்துக்கு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரிக்காத ஒரே ஆள் ஜெபராணி அக்கா.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என் எதிர் டேபிளில் செக்கிங். கப்பலில் வேலை பார்த்த அவருடைய சித்தப்பா ஒரு மெஷினும் மூன்று கேசட்டும் கொடுத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் மெஷின். நாங்கள் கேசட்டை மாற்றி மாற்றி விளையாடுவோம். அவரிடம் இருந்த ஒன்று மட்டும் எங்கேயும் கிடைக்காத சரக்கு. தொப்பி போட்ட நரி ஒன்று பனிமலை ஏறும். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, ஒன்றும் புரியாது. மொத்தம் நாற்பது மலை. விட்ட இடத்தை அந்தக் கேசட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டு வருடமாக ஏறி அக்கா முப்பத்தொன்றாவது மலையில் இருந்தார். அதற்கு நான் XXL ஒட்டினேன்.

ஒருநாள் அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, ரெண்டு நாளா படமே வர மாட்டேங்கு. நீங்கதான் இதுல கில்லாடியாச்சே, என்னன்னு பாருங்க."

கில்லாடி... அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. ஊதிப் பார்த்தேன், துணியால் துடைத்துப் பார்த்தேன். வரவில்லை. சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போன நேரம் கன் கண்ணில் பட்டது. எந்தக் கறையையும் எடுக்கிற கெமிக்கல், இந்தத் தூசியை எடுக்காதா? கேசட்டின் வாய்ப்பக்கம் வைத்து ஒரு அழுத்து, திருப்பி இன்னொரு அழுத்து.

பிளாஸ்டிக் வெல்லப்பாகு மாதிரி இளகியது. மேலே ஒட்டியிருந்த நரிப் படம் வழிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது.

வேறு யாராவது என்றால் மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்திருப்பார்கள். பனியன் கம்பெனிக்காரனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

மறுநாள் காலையில் அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ரூமுக்குப் போற பஸ்ஸுல சீட்டு மேல வெச்சனுங்க்கா... எறங்கறப்ப மறந்து உட்டுட்டனுங்க."

அக்கா கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தார். பிறகு, "எந்த பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. வாய்க்கு வந்த ஒரு டவுன் பஸ்ஸைச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் அக்கா பல்லடம் ரோட்டு ஸ்டாப்பில் நின்றார். அந்த பஸ் வந்தால் கண்டக்டரிடம் கேட்பார். உங்களில் இரண்டு பேர் ஏறி சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினீர்கள்... நானும் தேடினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

"கெடைச்சா எடுத்து வெக்கிறனுங்க அம்மிணி, தெனமும் நிக்காதீங்க" என்று கண்டக்டரே சொல்லிவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அக்கா என்னைத்தான் தேற்றினார். "விடுங்க தம்பி, நீங்க என்ன வேணும்னா தொலைச்சீங்க? எடுத்த பிள்ளைக்கிட்ட மெஷின் இருந்தா நல்லா இருக்கும். இல்லன்னா தூக்கிப் போட்டிரும்லா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போன அன்றைக்கு மீதி இரண்டு கேசட்டையும் என் கையில் கொடுத்தார். "நீங்கதான் சேக்கீங்க. அந்த நரி என்னைக்காவது கிடைச்சா இதோட வச்சிக்கிடுங்க."

வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு என்னிடம் முந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஆன்லைனில் தேடினால் எதுவும் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது. டின்னைக் கிளறுவதும் இல்லை, மாற்றி விளையாட எதிர் டேபிளில் ஆளும் இல்லை. போன மாதம் அந்த நரியே வந்தது. படம் பளிச்சென்று வந்தது. ஒரு மாதமாக ஏறி நேற்று முப்பத்தொன்றாவது மலைக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை, மெஷினை அணைத்து வைத்துவிட்டேன்.

அக்காவின் நம்பர் உங்களில் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். கேசட்டை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்துப் பழகுகிறேன்...

"ஏனுங்க்கா, அது பஸ்ஸுல ஏறவே இல்லீங்க. நீங்க ஸ்டாப்புல நின்னப்பெல்லாம் உருகிப்போயி என்ற பையிலதான் இருந்துச்சுங்க."