கப்பல் வந்தால் அறுந்துபோகும் இணையம்

லப்டொப்பில் இணையம் விட்டு விட்டு அறுந்த நாட்களில் நான் குற்றம் சாட்டியது கப்பல்களை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் புத்திசாலி என்று நினைத்து ஏமாறக்கூடாது.

எங்கள் வீட்டு யன்னலால் பார்த்தால் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் தெரியும். கோதுமைக் கப்பல் ஒன்று வந்த பின்னேரம் இணையம் போனது. அடுத்த கப்பல் வந்த பின்னேரமும் போனது. கப்பலில் ராடர் இருக்கிறது, வீட்டில் வைஃபை இருக்கிறது, இரண்டும் காற்றில்தான் போகின்றன, வேறென்ன ஆதாரம் வேண்டும்? கப்பலே வராத பின்னேரங்களிலும் போனது. அப்போது கப்பல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு இது விளையாட்டு. மனைவிக்கு அப்படியில்லை. வகுப்பறையில் கத்திக் கத்தித் தொண்டை கெட்டு, பள்ளிக்கூட வேலையை விட்டவள் அவள். லப்டொப்புக்கு முன்னால் இருந்தால் கத்தத் தேவையில்லை, மெல்லக் கதைத்தாலே போதும். நோர்வேயில் இருக்கும் சில தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் தேடியபோது, இனிமேல் தனக்குப் படிப்பிக்க ஏலும் என்று ஒரு பாட்டம் சந்தோஷப்பட்டாள். முதல் சனிக்கிழமை வைத்த வகுப்பு அறுந்து அறுந்து பாதியில் நின்றது. "வாற சனியும் பார்ப்பம் டீச்சர். சரிவராட்டி வேற ஆளைத்தான் பார்க்கவேணும்" என்று அந்தத் தாய்மாரில் ஒருவர் குரல் செய்தி அனுப்பினார்.

அந்தக் கிழமை முழுக்க நான்தான் எஞ்சினியர். வீடியோவில் ஒருவர் நெட்வேர்க்கை மறக்கச்செய்யும் பொத்தானை அமத்தச் சொன்னார். அமத்தினேன், லப்டொப் மறந்தது. பாஸ்வேர்டை நானும் மறந்திருந்தேன் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பப் போட்டேன். இன்னொருவர், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வைஃபையை லப்டொப்பே நிறுத்திவிடும், செட்டிங்கில் அதற்குப் போட்டிருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன். கொஞ்ச நேரம் அறாமல் ஓடியது. வென்றுவிட்டேன் என்று ஒரு தேத்தண்ணி கேட்டேன். தேத்தண்ணி வரமுன்னமே இணையம் போய்விட்டது.

ரூட்டர் படுக்கையறை இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. டிவிக்குச் சட்டை, ரிமோட்டுக்குப் பொலித்தீன் என்று எல்லா வீட்டிலும் மின்சாமான்கள் உடுத்துத்தான் இருக்கும். முந்தின ரூட்டர் கறள் பிடித்துச் செத்தபடியால், புதியதை அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்து, வயருக்குப் பின்பக்கம் ஓட்டையும் போட்டேன். அலுமாரிப் பூட்டைக் கறள் ஏற்கெனவே தின்றுவிட்டது. கதவு தன் பாட்டில் கொஞ்சம் திறந்து நிற்கும். அயலவர்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். ஒருவர் தன் வீட்டிலும் அப்படியே செய்தார்.

என்னைப் பெரிதும் குழப்பியது இதுதான்: இணையம் போனதும் ரூட்டரைப் பார்க்க ஓடுவேன். அலுமாரியைத் திறந்தால் எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். ஒரு தட்டுத் தட்டுவேன். உடனே ஹோலில் இருந்து "வந்திட்டுது" என்று மனைவியின் குரல் வரும்.

"என்ர கை பட்டால் வருதப்பா," என்றேன்.

"அப்ப கையை அதிலயே வைச்சுக்கொண்டு இருங்கோ."

இணையக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை பொறுமையாகக் கேட்டாள்.

"ரூட்டர் நல்ல இடத்திலயா இருக்கு சேர்?"

"மிச்சம் பாதுகாப்பான இடத்தில இருக்கு தங்கச்சி."

"லப்டொப்பை அதுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ."

கொண்டுபோய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். "இப்ப நல்லா வருது."

"அப்ப எங்கட லைனில பிழை இல்லை சேர்."

"பிழை உங்கட லைனில இல்லை தங்கச்சி. இந்தக் கப்பல்கள் வரேக்குள்ள..."

வேறு ஏதும் உதவி வேணுமா என்று அவள் கேட்டாள்.

அறைக்குள்ளேயே வகுப்பு வைக்கலாம் என்றால் கட்டிலும் அலுமாரியும் போக அங்கே ஒரு மேசை போட இடமில்லை. மனைவி எழுதிக் காட்டும் கரும்பலகையும் ஹோல் சுவரில்தான்.

சனிக்கிழமை காலை, கந்தளாயில் இருக்கும் தன் தங்கச்சியோடு மனைவி ஒத்திகை பார்த்தாள். ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் நோர்வேப் பிள்ளைகள் எழும்பிச் சாப்பிட்டு முடிக்க எங்களுக்குப் பின்னேரம் ஆகிவிடும். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளையின் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றது. ஓடினேன், திறந்தேன், தட்டினேன், வந்தது. திரும்பி வந்து ஹோல் வாசலில் நின்றேன். மறுபடியும் உறைந்தது. மனைவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, "கேட்குதா பிள்ளையள், கேட்குதா?" என்று அந்தக் கெட்ட குரலை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

இந்த முறை அலுமாரியைத் திறந்துவிட்டு அறையிலேயே நின்றேன். ஹோலுக்குத் திரும்பிப் போக முகமில்லை, அவ்வளவுதான். யன்னலால் கடற்காற்று வந்தது. எங்கள் ஊரில் பின்னேரமானால் அது எழும்பும். என் கண் முன்னாலேயே அலுமாரிக் கதவு மெல்ல நகர்ந்து, ஆள் தள்ளினதுபோல் சாத்திக்கொண்டது. ஹோலில் இருந்து "கேட்குதா பிள்ளையள்?" என்று கேட்டது.

திறந்தேன். "ஆ, நல்லது, இப்ப அடுத்த சொல்லைச் சொல்லுங்கோ."

நிச்சயப்படுத்த நானே கதவைச் சாத்தினேன். "கேட்குதா?" திறந்தேன். "நல்லது." விஞ்ஞானிகள் ஒரு தடவையோடு விடுவதில்லை என்று கேள்விப்பட்டதால் இன்னொரு தடவையும் சாத்தித் திறந்தேன். அதற்குப் பிறகு அவளுடைய குரல் நடுங்குவது கேட்டது. சோதனையை நிறுத்தினேன்.

கதவை அகலத் திறந்து, முதுகை அதில் கொடுத்து நின்றேன். காற்று தள்ளியது, நானும் தள்ளினேன். பூச்சிக்குப் போடும் உருண்டைகளின் மணத்தில் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்தி அடக்கினேன். அப்படி நின்றபடி நெடுநேரம் யோசித்தேன். நான் தட்டியதால் வரவில்லை, திறந்ததால்தான் வந்திருக்கிறது. அது விளங்கியது. அப்படியென்றால் கோதுமைக் கப்பல்கள் வந்தது எதற்காக? அது இன்றுவரை விளங்கவில்லை.

வகுப்பு அறாமல் முடிந்தது. "வாற சனியும் இதே நேரம் வைப்பம் டீச்சர், பிள்ளையளுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது" என்று ஒரு தாய் சொன்னது எனக்கே கேட்டது. கொஞ்சத்தால் மனைவி அறைக்குள் வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அலுமாரியோடு ஒட்டி நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். காற்று, கதவு, முதுகு எல்லாவற்றையும் விளக்கினேன்.

"முழு வகுப்புக்கும் அசையாமத் தாங்கிக்கொண்டு நிண்டனான். நான் இல்லாட்டி இண்டைக்கு உமக்கு வகுப்பே இல்லையப்பா."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலடியில் சும்மா கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

"அந்தக் கதிரையை வைச்சிருக்கலாமே."