திருமதி மாதப்பனுக்குக் கிடைத்த இடம்

எங்கள் தொழிற்சாலையில் வேலைத் தளத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் கோமதி இறந்த செய்தி என்னைத் தேடி நடந்தே வந்தது. ஷிப்ட் இன்சார்ஜ் என் மேசையருகே வந்து நின்றார். "கோமதி மேடம் தவறிட்டாங்கம்மா. பெங்களூர் ஆஸ்பத்திரியில" என்றார். மாற்று ஆள் வரும்வரை இடத்தை விட்டு எழ முடியாது. கையிலிருந்த ரப்பர் சீல் வளையத்தை அளந்தேன். அடுத்ததையும் அளந்தேன். அழுதுகொண்டே அளந்தவை எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

மூக்கண்டப்பள்ளியில் அவளோடு குடியிருந்தவர்களுக்கும், தரப் பரிசோதனைப் பிரிவில் அவளோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் இந்த அஞ்சலிக் குறிப்பில் நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? சாமல்பட்டிப் பெண். என் வயதுதான். ஆகவே 'அவர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. ஜெர்மனியில் மேல்படிப்புக்கு அவள் விண்ணப்பித்தது உங்களுக்குத் தெரியும். எப்படி விண்ணப்பித்தாள் என்பது பக்கத்திலேயே இருந்த எனக்குத்தான் தெரியும்.

ஏன் படிக்க வருகிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். ஓர் ஏஜென்சி எழுதிக் கொடுத்ததை என்னிடம் வாசித்துக் காட்டினாள். சிறு வயது முதலே ரப்பர் வேதியியலில் தணியாத ஆர்வம் என்று தொடங்கியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சின்ன வயசுல நான் ஸ்டேஷன் ஓரத்துல புளியங்கா பொறுக்கிட்டுத் திரிஞ்சேன் புள்ள. ரப்பர்னா எனக்குச் செருப்புதான் தெரியும்."

"ஏட்டி, அப்ப என்னத்த எழுதப் போற?" என்றேன். நான் திருநெல்வேலிக்காரி.

"தெரியாதத எழுதப் போறேன். எல்லாம் தெரியும்னு எழுதிட்டு எதுக்குப் படிக்கப் போவணும்?"

அப்படியே எழுதினாள். பனிக் காலத்தில், காலையில் அச்சிலிருந்து முதலில் எடுக்கும் சீல்கள் மட்டும் ஏன் வெடிப்பு விடுகின்றன? யாரைக் கேட்டாலும் மெஷின் சூடாக வேண்டும் என்கிறார்கள். நன்றாகச் சூடேற்றிவிட்டு எடுத்தாலும் வெடிக்கிறதே, ஏன்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன் என்று முடித்தாள். நான் எழுத்துப் பிழை பார்த்ததோடு சரி. அவள் கல்லூரிப் பேராசிரியர், பரிந்துரையை நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். "எம் புகழ நானே பாடுனா நல்லாருக்காது சார். திட்டியாவது நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவரும் எழுதித் தந்தார்.

இடம் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது மெயில் வந்தது. நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, திருமதி மாதப்பன் அவர்களே, வருக என்று எழுதியிருந்தார்கள்.

"திருமதி மாதப்பன்னா எங்கம்மா! எங்கம்மாவுக்கு சீட்டு கெடைச்சிருச்சு புள்ள!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். உடனே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடமும் அதையே சொன்னாள். "நான் போயிட்டா மாட்ட யாருடி பாக்குறது?" என்று அந்த அம்மா கேட்டது எனக்கே கேட்டது.

விசா வந்த வாரம் காய்ச்சலும் வந்தது. டெங்கு. பிளேட்லெட் இறங்க இறங்க, ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். தரம் பார்ப்பது எங்கள் தொழில். ஒரு பிழை கண்டால் இயந்திரத்தையே நிறுத்தச் சொல்லுவோம். அங்கே எதை நிறுத்தச் சொல்வது, யாரிடம் சொல்வது? எனக்கு இன்னும் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கருமாதி முடிந்த அன்று அவள் அப்பா அவளுடைய கைபேசியை என்னிடம் நீட்டினார். விடுதி அறை தயார் என்று மெயில் வந்திருந்தது. "வரமாட்டான்னு எழுதிப் போட்டுரும்மா" என்றார். ஏன் வருகிறேன் என்று அவள் எழுதியதற்குப் பிழை பார்த்த நான், வரமாட்டாள் என்று எழுதி அனுப்பினேன்.

"அந்த எடத்த என்னம்மா பண்ணுவாங்க?"

"அடுத்துக் காத்திருக்க ஆளுக்குக் குடுத்துருவாவப்பா."

கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "வர்ற புள்ளைய ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுதும்மா" என்றார். அதை யாருக்கு எழுதுவது? சரி என்று தலையாட்டினேன்.

தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெர்மன் சொல்லிப் பார்ப்பாள். எனக்கு அந்த மொழியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் காதில் விழுந்து விழுந்து ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டது. 'இஷ் ஹைஸே கோமதி.' என் பெயர் கோமதி என்று அர்த்தம். அவளுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது அதுதான். நேற்று அதில் என் பெயரை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.