சவரியம்மாள் கேட்ட கேள்வி

மலையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண் நேரே எங்கள் பதுளைத் தொழிற்சங்க அலுவலகத்துக்கு வந்தார். “சவரியம்மா அக்கா போயிட்டாங்கய்யா” என்றார். நெஞ்சுநோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். கையிலிருந்த கடிதத்தை வைத்துவிட்டு அவருடன் கிளம்பினேன்.

சவரியம்மாள் அவர்கள் தம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சங்கத்தின் மாதர் தலைவி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலேயே கணவரை இழந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், இளம்பெண் ஒருத்தியின் கையைப் பிடித்தபடி வந்தார்.

“தம்பி, ஸ்டேசனுக்கு வாங்க. எனக்குச் சிங்களம் அவ்வளவா வராது.”

அந்தப் பெண் காய்ச்சலோடு வீட்டில் தனியே படுத்திருந்தபோது, தோட்டத்து மேற்பார்வையாளன் ஒருவன் நுழைந்து அவளைப் பலாத்காரம் செய்திருந்தான்.

பொலிஸ் ஸ்டேசனில் சார்ஜன்ட் அவள் இருப்பிடம் கேட்டார். லயம் என்றதும் பேனையை மூடினார்.

“லயத்தில் இதெல்லாம் வழக்கம். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள்.”

சில வாரங்களுக்கு முன் கடைத்தெரு வீடொன்றில் இதே கொடுமை நடந்தபோது, உடனே ஜீப் போனதை ஊரே பார்த்தது. நான் சார்ஜன்ட் சொன்னதைத் தமிழில் சொன்னதும் சவரியம்மாள் நிமிர்ந்தார்.

“தாப்பாப் போட்டுக் குடுக்காதது தொரை. அதுக்கு இந்தப் புள்ள என்னங்கய்யா பண்ணும்? டவுன்ல நடந்தா குத்தம், லயத்துல நடந்தா வழக்கமா?”

அப்படியே சிங்களத்தில் சொன்னேன். எங்களை வெளியேற்றினார்கள்.

மறுநாள் லயத்துப் பெண்கள் யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மழையில் மலையிறங்கி வந்து பொலிஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பிற்பகலில்தான் முறைப்பாட்டை எழுதினார்கள், ஜீப்பும் மலையேறியது. ஆனால் வைத்தியப் பரிசோதனைக்குக் காலம் கடந்திருந்தது. நீதிமன்றத்தில், “ஏன் கதவைப் பூட்டவில்லை?” என்று அவளிடமே கேட்டார்கள். அவன் விடுதலையானான். தோட்ட மக்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தின்படி அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது.

“தோத்துட்டோமே அக்கா” என்றேன்.

“நாம தோக்கலாம் தம்பி. அடுத்தவ பயந்து வாயை மூடிக்கிடக் கூடாது.”

அதன்பின் சுற்றுத் தோட்டப் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். பெரும்பாலான முறைப்பாடுகள் வாசலோடு நின்றன. அவர் ஒருத்திக்கும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

அடக்கத்தன்று, நானறியாத நடுவயதுப் பெண்ணொருவர் குழியருகே நின்றார். அக்கா தம்மையும் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார்.

“கேஸ் என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலைங்க. ‘நீ பொய் சொல்லலடி’ன்னு சொன்னது அவங்க ஒருத்தர்தான்.”

ஒரு பிடி மண்ணை எடுத்தவர், அதைப் போட மனமில்லாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

போய் வாருங்கள், அக்கா.