மூன்று சனி

சுருவிலில் யாருக்கு என்ன வந்தாலும் சிவக்கொழுந்து சொல்லும் காரணம் ஒன்றுதான்: சூடு. பிள்ளைக்கு வயிற்றுவலியா, சூடு. கண் சிவந்துவிட்டதா, சூடு. புருஷனோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்த பக்கத்து வளவுப் பெட்டைக்கும் "எண்ணெய் வைச்சு முழுகு பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்றுதான் சொல்லியனுப்பினாள். ஊர் சிரித்தது, சிரித்துக்கொண்டே முழுகியும் பார்த்தது. சில வேளை மனிசி சொன்னது பலிக்கவும் செய்தது. பலிக்காமலே இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு துணிவு வந்திராது.

அவள் புருஷன் ஏரம்பு தெற்கே வைத்திருந்த கடையை எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்தார்கள். அதோடு அவர் உயிரும் போனது. கடையில் நின்ற ஒரே மகன் குகதாசன் மட்டும் அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் அவனை வளவுக்கு வெளியே விடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பிறகு ஆமிக்காரர் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற கதை ஊருக்குள்ளும் வர, கழுத்தில் கிடந்ததைக் கழற்றி விற்று அவனை ஜெர்மனிக்கு அனுப்பினாள்.

அவன் வெளிக்கிட்ட வருடம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. தை பிறக்கும்போதே கிணறு உவர்த்தது. மாசி வெயில் சித்திரை வெயிலாக எரித்தது. மாடுகள் மேயும் தரவையில் புல் கருகி, வெடித்த நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சிவக்கொழுந்துக்கு உதடு வெடித்தது. காலையில் மூக்கைச் சீறினால் இரத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மகனின் கடிதம் வந்தது.

"அம்மா, நான் நல்ல சுகம். மூக்காலைதான் கொஞ்சம் இரத்தம் வருது. உதடும் கையும் வெடிச்சுப் போச்சு. அறைக்குள்ளை இரவு பகலாச் சூடு, தொண்டை காயுது. வேறை ஒண்டுமில்லை."

வெளியே இருந்த குளிரைப் பற்றியோ, அதற்காக அறைக்குள் எரிந்து காற்றைக் காயவைத்த ஹீற்றரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தாய் பயந்துவிடுவாள் என்று மறைத்துவிட்டான், பாவி. உலகம் முழுக்க ஒரே வெயில்தான் எரிகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். தனக்கு இருக்கிற அதே வருத்தம் மகனுக்கும் இருக்கும்போது வேறெப்படி நினைப்பாள்?

அன்றைக்கே பதில் எழுதினாள். "தம்பி, உனக்குச் சூடு உச்சியிலை ஏறிப்போச்சு. என்னாணை, மூண்டு சனி விடாமல் எண்ணெய் வைச்சு முழுக வேணும். சுடுதண்ணி கூடாது, பச்சைத்தண்ணி. துவட்டிப்போட்டு வெளியிலை காத்திலை நிண்டு தலையைக் காயவிடு."

ஆணை என்றால் அந்த வீட்டில் விளையாட்டில்லை. வளவை விட்டு வெளியே போகாமல் இரண்டு வருடம் அவனைக் கட்டிவைத்ததும் அதே சொல்தான்.

பதினாறு நாள் கழித்து, ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டுவரும் அல்போன்சம்மா கடகத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு படத்தை நீட்டினாள். அவளுடைய மகன் யாக்கோப்பும் குகதாசனும் அங்கே ஒரே அறைதான். படத்தில் யாக்கோப்பு காதையும் மூக்கையும் மூடிக்கட்டிக்கொண்டு ஒரு வெள்ளை வெளியில் நின்றான்.

"உம்மடை மோன் என்ன, உப்பளத்திலையோ வேலை?" என்று கேட்டாள் சிவக்கொழுந்து.

"உப்பில்லை அக்கா, பனி. அது ஆறாம். உறைஞ்சு கல்லாப் போச்சாம், அதுக்கு மேலைதான் நிக்கிறான். ஈரத்துணியை வெளியிலை போட்டால் பலகை மாதிரி விறைக்குதாம். றோட்டிலை படுத்த சனமெல்லாம் செத்துப்போச்சுதாம். ஏன், தம்பி எழுதேல்லையோ?"

காற்றில் நின்று தலையைக் காயவிடு என்று தான் எழுதியதை நினைத்த சிவக்கொழுந்து மீனை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள்.

அடுத்த பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனாள். தபால் கந்தோரில், 'முழுக வேண்டாம், ஆணையை எடுத்துவிட்டேன், அம்மா' என்பதை இங்கிலீசு எழுத்தில் தந்தியாக எழுதுவித்தாள். உள்ளே இருந்தவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"கொழும்பு லைன் அறுந்து கிடக்கு, அம்மா. சரிவந்தவுடனை போகும்."

"எப்ப சரிவரும்?"

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

அதே செய்தியைக் கடிதமாகவும் எழுதிப் பெட்டியில் போட்டாள். அந்த வாரம் வெயில் பொறுக்காமல் புளியங்கூடலில் இரண்டு கிழவர்கள் செத்தார்கள். தலை இடிக்கிறது, என்ன செய்யலாம் என்று படலையில் வந்து கேட்டவர்களுக்கு அவள் வாய் திறக்கவில்லை. தன் தலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வார்க்கவில்லை. இரவில் கூரையும் சுவரும் அனலைக் கக்க, அவள் சேலையால் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

பங்குனி நடுவில் கடிதம் வந்தது. உறையில் இருந்தது மகனின் கையெழுத்தில்லை.

"மாமி, நான் யாக்கோப்பு எழுதுறன். போன சனி குகன் பச்சைத்தண்ணியிலை முழுகிப்போட்டு வெளிவாசலிலை நிண்டவன். நான் வேலையாலை வரேக்கை தலைமயிர் விறைச்சுப்போய் நிண்டது. இப்ப நெஞ்சிலை சளி கட்டி ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். கட்டிலாலை எழும்ப வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், கேக்கிறானில்லை. அம்மான்ரை ஆணை, இன்னும் ரண்டு சனி கிடக்கு எண்டு நிக்கிறான். நான் சொல்லி ஏலாது மாமி. வேண்டாமெண்டு நீங்கள் ஒரு சொல் கெதியா அறிவியுங்கோ."

தந்தி வந்ததென்று அதில் எங்கேயும் இல்லை. சிவக்கொழுந்து கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். விரலை மடித்து எண்ணினாள். யாக்கோப்பு அதை எழுதிய நாளுக்குப் பிறகு, மிச்சம் கிடந்த அந்த இரண்டு சனியும் போய்விட்டிருந்தன.